கையில் மாட்டிய துணிப்பை

என் இடது கைக்கு நஷ்டஈடு வந்தது. அந்தப் பணத்தை அந்தக் கைக்கே செலவு செய்ய முடியவில்லை. கெடுத்தது நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

நான் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவசரப்பட்டு இழுத்ததில் தோள் நரம்பு போய்விட்டது. விரல்கள் ஓரளவு பிடிக்கும். கை தானாக மேலே எழாது. அப்பா கேஸ் போட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் பல வருடம் இழுத்தடித்துவிட்டு ராஜிக்கு வந்தார்கள். வந்த தொகையைக் கோர்ட் என் பெயரில் பேங்கில் போட்டது. எனக்குப் பதினெட்டு ஆகும்வரை ஜட்ஜ் உத்தரவு இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. ஜட்ஜ் அதைத் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டியிருக்கிறார் என்றே நான் நம்பினேன். அந்த டிராயரைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை.

எனக்கு ஒன்பது வயதானபோது தஞ்சாவூர் டாக்டர் ஒருவர், மூட்டு இறுகுவதற்குள் ஆபரேஷன் செய்தால் கை தூக்க வரும் என்றார். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறவர். ஆபரேஷனுக்கு எங்கே போவார்? என் பணத்திலிருந்து எடுக்க அனுமதி கேட்டு மனு போட்டார். பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார் ஜட்ஜ்.

இங்கே அம்மாவின் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் என் இடது கையில் ஒரு துணிப்பையை மாட்டிவிடுவாள். உள்ளே பழைய துண்டு ஒன்றுதான் இருக்கும். பை தொங்குவது தெரியும், கை தொங்குவது தெரியாது. “பொம்பளப் புள்ள. நாளைக்கு நாலு பேரு பாக்க வருவாங்க” என்பாள். ஒரு வித்தையும் பழக்கியிருந்தாள். உடம்பைச் சாய்த்து இடுப்பால் முழங்கையை எத்தினால் கை மேலே வரும். கண்ணாடி முன் நின்று பழகிப் பழகி, புது ஆட்கள் யாரும் கண்டுபிடிக்காத அளவுக்குத் தேறிவிட்டேன்.

நடவு ஆட்களை வயலில் அப்படியே விட்டுவிட்டுத் திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறினோம். கோர்ட் வாசலில் வக்கீல் பையைப் பார்த்தார்.

“என்னம்மா இது? கழட்டுங்க. இன்னைக்குக் கை நல்லா தெரியணும்.”

அம்மா கழற்றினாள். இத்தனை வருடம் மறைத்த கையை இன்றைக்கு மட்டும் ஏன் காட்ட வேண்டும் என்று கேட்டேன். “சும்மா வா” என்றார் அப்பா.

எங்களுக்கு முன்னால் நின்ற ஆளை ஜட்ஜ் வறுத்துக்கொண்டிருந்தார். மகன் வைத்தியத்துக்கென்று எடுத்த பணத்தில் அவர் பைக் வாங்கியிருந்தாராம்.

“புள்ளைய அந்த பைக்லதான் படுக்க வெச்சிருக்கீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சூட்டோடு எங்கள் முறை வந்தது.

என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். டிராயர் திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு தைல பாட்டில்தான் இருந்தது.

“பயப்படாத பாப்பா. அந்தக் கையால இந்தப் பேனாவ எடு பாப்போம்.”

எதிரே அத்தனை கறுப்புக் கோட்டுகள். எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். அப்படிப்பட்டவர்கள் முன் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சாய்ந்தேன், எத்தினேன். கை மேசைக்கு வந்தது. பேனாவைப் பிடித்தேன், கீழே விடவே இல்லை.

“அட, கெட்டிக்காரி!”

“ஐயா, இடுப்பால தள்ளுறா ஐயா!” என்று பின்னாலிருந்து கத்தினாள் அம்மா. டவாலி போட்ட கோர்ட் சேவகர் அதட்டி அவளை அடக்கினார். வக்கீல் டாக்டரின் சீட்டைக் காட்டிப் பேசிப் பார்த்தார். ஆபரேஷன் செய்யலாம் என்றுதான் அதில் இருந்தது, செய்தே ஆகவேண்டும் என்று இல்லை.

“புள்ள நல்லாத்தான இருக்கு. பணம் பத்திரமா இருக்கட்டும். பதினெட்டு ஆனதும் அவளே எடுத்துக்கட்டும்” என்று மனுவைத் தள்ளிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. பணத்தைக் காப்பாற்றினார், கையை விட்டுவிட்டார். பதினெட்டில் பணம் வட்டியோடு வந்தது. மூட்டு அதற்குள் இறுகிவிட்டிருந்தது.

அன்றைக்குப் பஸ்ஸில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜட்ஜே கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டார். வழக்கம்போலப் பையை மாட்டிவிடுவாள் என்று இடது தோளை அம்மா பக்கம் திருப்பினேன். அவள் பையைச் சுருட்டி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

“அம்மா, உள்ள துண்டு இருக்கு!” என்று கத்தினேன்.

கிழியாத பையை எதற்கு எறிந்தாள் என்று ஊர் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.