மஞ்சள் விரல்

என் பழைய ஸ்கேனரை விற்கப்போவதாக இணையத்தில் போட்டிருந்தேன். மலிவான ரகம்தான். வாங்க வந்தவர் அதற்காகச் சிங்கப்பூரில் தொலைவான புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஃபேரர் பார்க்கில் என் வீடு வரை வந்திருந்தார். எழுபது வயது இருக்கும். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. ஸ்கேனர் மூடியைத் திறந்ததும் கைக்குட்டையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். பேசும்போதும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“போன்லயே படம் எடுக்கலாமே, அங்கிள்?”

“எடுத்தேன் தம்பி. என் நிழல் விழுது லா.”

சோதித்துப் பார்க்க ஒரு நோட்டை விரித்துக் கவிழ்த்தார். இறந்துபோன மனைவியின் சமையல் குறிப்புகளாம். நான் பெருமையாகக் கறைநீக்கும் வசதியையும் போட்டேன். திரையில் பக்கம் வெள்ளைவெளேரென்று வந்தது.

அவர் வெகுநேரம் பார்த்தார். “எழுத்தெல்லாம் இருக்கு. அவ விரல் எங்க?”

நோட்டைத் திருப்பினேன். மீன் குழம்புக்குக் கீழே மஞ்சளில் ஒரு விரல்தடம். வசதியை நீக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். தடம் வந்தது. கைக்குட்டை அவர் முகத்துக்குப் போயிற்று.

“மத்த பக்கத்துலயும் இருக்கா அங்கிள்?”

“இல்ல, இது ஒண்ணுதான்.”

“அப்ப இந்தப் படத்த அனுப்பிடறேன். ஸ்கேனர் எதுக்கு?”

“எல்லாப் பக்கமும் அவ தொட்டதுதான? என் கண்ணுக்குத் தெரியல. இந்த மிஷினுக்குத் தெரியலாம்ல?”

அந்த மலிவான பெட்டிக்கு அவ்வளவு பார்வை கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடி உடையாதபடி பழைய துண்டில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.