எட்டு மாதம் ஓடாத இஸ்திரி மெஷின்

எங்கள் கம்பெனியில் இருக்கிற இஸ்திரி மெஷினை வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் போல நினைத்துவிடக் கூடாது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நீளமான உருளை; உள்ளே நீராவி ஓடும். அதன் முன்னால் அருகருகே இரண்டு பெண்கள் நின்று, ஈர விரிப்பின் முனைகளை உருளையின் வாயில் வைத்தால் அது இழுத்துக்கொள்ளும். துணியை இழுக்கிற மாதிரியே விரலையும் இழுக்கும். அதற்காகத்தான் உருளைக்கு முன்னால் ஒரு நீளக் கம்பி. விரல் தவறி உள்ளே போகப் பார்த்தால் கம்பி நகரும். கம்பி நகர்ந்தால் மெஷின் அந்த நொடியே நின்றுவிடும். நாங்கள் அதை விரல் கம்பி என்போம்.

மலேசியாவில் பத்து பகாட் ஊரில் இருக்கிற இந்த டோபி கம்பெனியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஹோட்டல் விரிப்புகளும் துண்டுகளும் லாரியில் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்புவோம். என் மனைவியும் அங்கேதான் இருக்கிறாள். அந்த உருளையில் துணி வைக்கும் இரண்டு பேரில் ஒருத்தி அவள். இன்னொருவர் எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

வெள்ளிக்கிழமை தோறும் அக்கா எல்லா மெஷினுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். மற்ற மெஷின்களுக்கு ஒன்று. விரல் கம்பிக்கு மட்டும் மூன்று. கையைக் காப்பாற்றுகிற சாமி அதுதானே என்பார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன், ஆனாலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாய்லர் அறையில் நானே ஒரு ஜெபமாலை மாட்டி வைத்திருக்கிறேன், பிறகு யாரைச் சொல்ல?

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஹோட்டல்கள் மூடியதும் எங்களுக்கும் வேலை நின்றது. கடைசி நாள் வீட்டுக்குப் போகும் முன் அக்கா சந்தனம் குழைத்தார். "விரல் கம்பிக்கு நல்லா வைங்கக்கா, திரும்பி எப்ப வரப் போறமோ" என்று நானே சொன்னேன். கிண்ணத்தில் இருந்த மிச்சத்தையெல்லாம் அவர் கம்பியின் இரண்டு மூட்டுகளிலும் அப்பிவிட்டார். இரண்டு வாரத்தில் வந்துவிடுவோம் என்று போனோம். எட்டு மாதம் ஆகிவிட்டது.

பிறகு ஒரு ஹோட்டல் மட்டும் திறந்தது. திங்கட்கிழமை காலை லாரி வரும், அதைத் தவறவிட்டால் அந்த ஹோட்டல் வேறு டோபிக்குப் போய்விடும் என்றார் முதலாளி. பட்டனைத் தட்டினால் எல்லாம் ஓடும் என்பது அவர் கணக்கு. எனக்கு ஒரு வாரம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

அந்த வாரம் நான் உழைத்ததை நானே மெச்சிக்கொள்ள வேண்டும். பாய்லரில் கிடந்த பழைய தண்ணீரை முழுக்க இறக்கினேன். அரசாங்க அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை தீக்குச்சி கிழிக்கவில்லை. எட்டு மாதம் குளிர்ந்து கிடந்த குழாய்களில் தண்ணீர் தேங்கியிருக்கும். நீராவியை ஒரேயடியாகத் திறந்தால் அந்தத் தண்ணீர் குழாயையே உடைத்துக்கொண்டு வரும். அதனால் வடிகால்களைத் திறந்து வைத்துவிட்டு வால்வை மயிரளவு மயிரளவாகத் திருப்பினேன். முக்கால் மணி நேரம் நின்று திருப்பினேன். துணி காயவைக்கிற டிரையர்களைத் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்தேன். ஒன்றின் புகைக்குழாயில் மைனா கூடு கட்டியிருந்தது. பஞ்சோடு சேர்த்து இரண்டு சாக்கு அள்ளினேன். வியாழக்கிழமை பெண்கள் துடைத்துக் கழுவ வந்தார்கள். வழியில் கூடையை வைத்ததற்காக ஒருத்தியைப் பார்த்துக் கத்தினேன். தரை ஈரமாக இருந்ததற்கு எல்லாரையும் பார்த்துக் கத்தினேன்.

இஸ்திரி மெஷினின் முறை கடைசியாகத்தான் வந்தது. வெறுமனே ஓடவிட்டேன், சத்தம் சரியாக இருந்தது. சிவப்பு பட்டனை அழுத்தினேன், நின்றது. விரல் கம்பியைத் தொடவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது என்னைக் கைவிட்டதில்லை, அதுதான் காரணம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே பரிசோதனைத் தாளை எடுத்து, மூன்று பக்கத்துக்கும் ஒரே மூச்சில் சரி போட்டேன். என் மனைவி எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு லாரி வந்தது. பத்து மணிக்கு முதல் விரிப்புகள் துவைத்து வந்தன. உருளை சூடேறிச் சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி கைப்பேசியில் படம் எடுக்கத் தயாராக நின்றார். அக்கா தன் பக்கத்து முனையைக் கையில் எடுத்துக்கொண்டார். என் மனைவி எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கம்பிய ஒரு தடவ தட்டிக் காட்டுங்க."

"எல்லாம் பாத்தாச்சு லா. நீ போடு."

"தட்டிக் காட்டுங்க. அப்புறம் போடுறேன்."

"எனக்கு வேல சொல்லிக் குடுக்கிறியா நீ?"

அவள் கைகளைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. முதலாளி மணியைப் பார்த்தார். லாரிக்காரர்கூட உள்ளே எட்டிப் பார்த்தார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வீட்டில் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், இத்தனை பேர் முன்னால் என் வேலையைச் சந்தேகப்படுவதா? இவளை இன்றைக்கு ஒரு வழி பண்ணுகிறேன் என்று போய், கம்பியை உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினேன்.

கம்பி அசையவில்லை. உருளை பாட்டுக்குச் சுற்றியது. மறுபடி தள்ளினேன். பிறகு இரண்டு கையாலும் தள்ளினேன். சுவரைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. சிவப்பு பட்டனை அழுத்தி நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டேன்.

கம்பியின் மூட்டு இடுக்கைச் சுரண்டிப் பார்த்தேன். சந்தனமும் துணிப் பஞ்சும் சேர்ந்து கல்லாகி இருந்தது. அதற்குக் கீழே துரு. அக்காவைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தேன். நல்லா வைங்க என்று சொன்னது நான்தான் என்பது நல்லவேளையாக அப்போதே ஞாபகம் வந்தது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வியாழக்கெழம தொடச்சப்பவே பாத்தேன் தம்பி. அசையல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அக்கா என் மனைவியைப் பார்த்தார்.

"உங்ககிட்ட சொல்லப் பயந்துதான் என்கிட்ட சொன்னாங்க," என்றாள் அவள். "நானும் நாலு நாளா சொல்லணும்னுதான் பாத்தேன். நேத்து நீங்க தாளை எழுதினப்பகூட வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா வீட்டுல சட்டி பானை பறக்கும்."

"இன்னிக்கும் பயந்துகிட்டு இருந்திருந்தா?"

"கவனமா வெச்சிருப்பேன்," என்றாள்.

கொதிக்கிற உருளையின் முன்னால், அசையாத கம்பியோடு, என் கத்தலுக்குப் பயந்து கவனமாக வைத்திருப்பாளாம். காலையில் எனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்த அந்தக் கைகளைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் அவ்வளவு அவமானமாக எனக்கு என்றுமே இருந்ததில்லை. பயமும் அப்போதுதான் வந்தது.

வெந்நீரும் பழைய பல் பிரஷும் கேட்டேன். ஒரு மணி நேரம் சுரண்டினேன், எண்ணெய் விட்டேன், விரல் நுனி பட்டாலே மெஷின் நிற்கிற வரைக்கும் விடவில்லை. முதலாளி நடுவில் ஒரு தடவை ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். எல்லாம் முடிந்து எழுந்தபோது பெண்கள் அப்படியே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

எல்லாரும் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"மெதுவா கேளுங்க," என்றாள் என் மனைவி.

நான் மெதுவாகத்தான் கேட்டதாக நினைத்திருந்தேன். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடி கேட்டேன். துணி மடிக்கிற பெண் ஒருத்தி முகக்கவசத்துக்குள்ளிருந்தே பேசினாள்.

"ரெண்டாம் நம்பர் டிரையர், கதவத் தொறந்தாலும் சுத்துதுங்க அண்ணே. கம்பெனி மூடுறதுக்கு முன்னாடியே அப்படித்தான்."

அலமாக், அடக் கடவுளே, அதைத்தான் நான் திருகு திருகாகக் கழற்றிப் பார்த்ததாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு, எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். அடுத்தவள் பேச ஆரம்பித்தாள்.