கிரேக்கத் தீவுகளுக்கு நான் ஏற்றிவிட்டவர்கள்

கப்பலைத் தவறவிட்டவர்களோடு கதைப்பதுதான் என் தொழில்; தவறவிடாதவர்கள் எவரும் எனக்கு ஃபோன் எடுப்பதில்லை.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பயண ஏஜென்சி இருந்தது. கிரேக்கத் தீவுகளுக்கு ஆட்களை அனுப்புவோம். ஒரு தீவில் இறங்கி, இரண்டு நாள் நின்று, ஃபெரி பிடித்து அடுத்த தீவுக்குப் போவது. அங்கே விடியும்போது லண்டன் இன்னும் இருட்டு என்பதால், ஃபோனுக்குப் பக்கத்தில் இரவு முழுக்க ஒரு ஆள் வேண்டும். நித்திரை வராத மனுசன் என்று பார்த்து என்னைப் பிடித்தார்கள். லைப்ரரியில் எடுத்த அட்லஸை வைத்து, எந்தத் தீவுக்குப் பக்கத்தில் எந்தத் தீவு என்று நானாகவே படித்தேன். இரவு வேலை செய்து, பகலில் திரையை இழுத்துவிட்டுப் படுக்கிறவர்களுக்குத் தெரியும்: அந்த நேரத்தில் எதையாவது படிக்காவிட்டால் மனம் வேண்டாத இடமெல்லாம் போகும்.

ஆனால் நான் ஒரு ஃபெரியிலும் கால் வைத்ததில்லை. அதனால்தான் என் மனைவி வசந்தி, எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று ஐப்பசியில் தீவுப் பயணம் ஒன்றைப் பதிவு செய்தபோது எனக்கு லீவு கிடைக்காது என்று சாட்டுச் சொன்னேன். "வந்தால் வாங்கோ. இல்லாட்டி நான் தனியப் போவன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

வாசலில் நின்றவர்கள்

சின்னத் தீவுகளில் ஃபெரி பஸ் மாதிரித்தான். வரும், பின்பக்கத்தைத் திறக்கும், ஆட்களை விழுங்கும், போய்விடும். இதைப் படித்துப் படித்துச் சொல்லித்தான் ஹரோவில் கணக்காளராக இருக்கும் சிவநாதனின் குடும்பத்தை அனுப்பினேன். மூன்றாம் நாள் ஃபோன். கப்பல் போய்விட்டது.

நடந்தது இதுதான். அறை வாடகைக்குக் கொடுத்த கிரேக்க அம்மாவிடம் எங்கள் முறைப்படி விடைபெற்றிருக்கிறார்கள். முதலில் வீட்டுக்குள்ளே. பிறகு படியில். பிறகு கேற்றடியில், ஆகப் பெரிய கதையெல்லாம் அங்கேதானே வரும். அந்த அம்மாவும் சளைக்காத ஆள். இவர்களுக்கு கிரேக்கம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது, அப்படியும் கதை முடியவில்லை. கத்தரிக்காய்க் கறி வைக்கிற விதத்தைக் கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தபோது கீழே கப்பல் ஊதியிருக்கிறது.

"சொல்லாமல் வெளிக்கிட ஏலுமே அண்ணை? இப்ப திரும்ப அவவின்ர வீட்டதான் நிக்கிறம். நாளைக்கு எத்தினை மணிக்குச் சொல்லத் துவங்கினா கப்பலைப் பிடிக்கலாம் எண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

யாருடைய இராகு

வெஸ்ட் ஈலிங்கிலிருந்து இராசம்மா அக்கா. ஓய்வுபெற்றவர், கோயிலுக்குப் போகாமல் ஒரு வெள்ளியும் விடாதவர். திங்கட்கிழமைக் காலை ஏழரைக்கு ஏதென்ஸ் துறைமுகத்தில் அவருக்குக் கப்பல். முதல் நாள் அங்கிருந்து ஃபோன் எடுத்து, "தம்பி, அது நல்ல இராகுகாலமெல்லே?" என்றார். கப்பலை நான் மாற்ற ஏலாது, அக்கா என்றேன்.

பிறகு, லண்டனில் அப்போது என்ன நேரம் என்று கேட்டார். இரண்டு மணித்தியாலம் பிந்தி, அங்கே ஐந்தரைதான் என்றேன். அவர் குரலில் வெளிச்சம் வந்துவிட்டது. ஆனால் கப்பல் கிரேக்க நேரத்துக்குத்தானே வெளிக்கிடும், அக்கா என்று நான் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன்.

"கப்பல் கிரேக்கரின்ர கப்பல்தான் தம்பி. ஏறுறது நானெல்லே? நான் பிறிட்டிஷ் பாஸ்போட். என்ர இராகு லண்டன் இராகு!"

காற்றுக்கு நேர்ந்தவன்

கோடையில் அந்தக் கடலில் வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். பலத்து அடித்தால் ஃபெரிகளைத் துறைமுகத்திலேயே கட்டிவிடுவார்கள். அன்று எங்கள் ஃபோன் ஓயாது. ஐப்பசியில் அந்தக் காற்று அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் வசந்தி பதிவு செய்த நாளிலிருந்து ஷிப்டுக்கு வந்ததும் முதலில் கம்ப்யூட்டரில் காற்றைத்தான் பார்த்தேன்.

எனக்கு முந்தின ஷிப்டில் இருந்த தேவி மலேசியாக்காரி, ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். என்ன விஷயம் என்று விடாமல் கேட்டாள். சொன்னேன். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோது கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்தோம், நானும் வசந்தியும். நேவிக்குத் தெரியாமல் போகவேண்டும். விளக்கில்லை. பீடி பற்றவைக்கக் கூடாது, இருமக்கூடாது. பக்கத்தில் இருந்தவரின் முகமே தெரியவில்லை. முன்னால் போன வள்ளம் கரைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நான் தண்ணீரில் ஏறவில்லை.

தேவி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அந்தச் சோகம் தாங்கமுடியாமலோ என்னவோ, கதிரையைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"கஸ்டமர் எல்லாம் காத்து அடங்கணும்னு சாமிய கும்பிடறாங்க. இந்த ஆபீஸ்லேயே நீங்க ஒருத்தர்தாண்ணே காத்து அடிக்கணும்னு கும்பிடறீங்க!"

துறைமுகத்தில்

காற்று அடிக்கவில்லை. ஐப்பசி மாதம், விடியாத காலை, ஏதென்ஸ் துறைமுகம். கப்பல் பின்கதவைத் தரையில் இறக்கி வைத்திருந்தது. லொறி, மோட்டார் சைக்கிள், சூட்கேஸ் இழுக்கிற சனம் எல்லாம் உள்ளே போய்க்கொண்டிருந்தன. நான் இரும்புப் பலகைக்கு முன்னால் நின்றேன். கால் போகவில்லை. நிற்கிற இடத்திலிருந்து எங்கள் ஆபீஸ் நம்பருக்கே ஃபோன் எடுத்தேன்.

"வணக்கம், கப்பலை விட்டுட்டீங்களா?" என்றாள், எனக்குப் பதிலாக அன்றிரவு ஃபோனில் இருந்த தேவி. இல்லை, இன்னும் நிற்கிறது என்றேன். குரலைக் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணே, நீங்க எல்லாருக்கும் சொல்றதுதான். யோசிக்காதீங்க, முன்னாடி போறவங்க முதுக பாத்துக்கிட்டே ஏறுங்க."

முன்னால் போனது வசந்தியின் முதுகு. அவள் பாதிப் பலகையில் நின்று திரும்பினாள். அதே வள்ளத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள், என் வாயைத் தன் கையால் பொத்தி என் இருமலை அடக்கியவள். அவளுக்குப் பின்னால் கப்பல் ஏழு தட்டுக் கட்டிடம் மாதிரி நின்றது. ஒவ்வொரு தட்டிலும், ஒவ்வொரு யன்னலிலும் விளக்கு. மேலே ஏதோ பாட்டும் போட்டிருந்தார்கள்.

"இஞ்சருங்கோ" என்றாள். "நல்லாப் பாருங்கோ. எல்லா லைட்டையும் போட்டுக்கொண்டு, பாட்டும் போட்டுக்கொண்டு நிக்குது. இது ஒளிச்சுப் போற கப்பல் இல்லை. வேணுமெண்டால் இருமிக்கொண்டு ஏறுங்கோ."

இருமிக்கொண்டுதான் ஏறினேன், அதனால் இப்போது யாராவது "நீங்கள் போயிருக்கிறியளோ?" என்று கேட்டால் ஓம் என்கிறேன், முதல் தீவு வருமுன்னே வாந்தி எடுத்ததைக் கேட்டால் மட்டும் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறேன்.