மார்பில் எழுதிய பெயர்

இரண்டு மருத்துவர்கள் தங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொள்ள வேண்டுமானால், இருவரும் எழுதிக் கொடுத்து முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் விதி அது. ஓய்வு பெற்றும் மறக்கவில்லை. மனைவியின் பிறந்தநாள்தான் மறக்கிறது.

நேற்று கொச்சங்காடியில் ஒரு கிடங்கு வாசலில் மூட்டைகளில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை என்னைக் கொரோனா வார்டின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. கவச உடைக்குள் ஆள் தெரியாது என்பதால், மார்பில் மார்க்கரால் பெயர் எழுதித்தான் டாக்டர்கள் உள்ளே போவார்கள். வருகைப் பதிவேடு என் பொறுப்பு. சந்தேகமும் என் பொறுப்பு.

டாக்டர் ரஷீத் ஆறடி உயரம். கவச உடையைப் போட்டதும் அரை அடி குறைந்துவிடுவார். அதே நேரத்தில், வெளிநோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் மீனாட்சியின் அறையிலிருந்து, நோயாளி யாரும் இல்லாதபோதும், ஓர் ஆணின் இருமல் கேட்கும். சேர்ந்த நாள் முதல் இருவரும் ஒரே ஃபிளாஸ்கில் சாயா குடிப்பவர்கள். ஏதோ தில்லுமுல்லு என்று நாள், நேரம் எல்லாம் என் டைரியில் குறித்துவைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

பிறகு மீனாட்சிக்குத் தொற்று வந்தது. மூன்று வாரம் படுக்கை. தேவராவிலிருந்த தலைமை அலுவலகம் விளக்கம் கேட்டது: கொரோனா வார்டில் ஒரு நாளும் வேலை செய்யாதவருக்கு எதற்குத் தொற்று விடுப்பு? விடுப்பு இல்லையென்றால் அவள் சொல்லாமல் வேலைக்கு வராதவள்; வேலை போய்விடும். போனில் அவளிடமே கேட்டேன்.

"சாரே, ரஷீதுக்கு வீசிங் உண்டு. உள்ள போனா அவனும் ஒரு பெட்ல படுத்துருவான். அதான் அவன் பேர எழுதிட்டு நான் போனேன்."

"எழுதிக் கொடுத்திருக்கலாமே?"

"கொடுத்தா, வீசிங் உள்ள டாக்டர் வேண்டாம்னு அவன வீட்டுக்கு அனுப்பிருவாங்க. சார் அறியாத விதியா?"

ரஷீத் வாய் திறக்க மாட்டார் என்றே நினைத்தேன். திறந்தால் பொய்ப் பதிவுக்காக அவர் வேலையும் போகும். மறுநாள் காலை ஒரு தாளுடன் வந்து நின்றார். 'நான் ஒரு நாளும் அந்த வார்டுக்குள் போனதில்லை. என் பெயரில் போனவர் டாக்டர் மீனாட்சி.'

"ஜோலி போகும், டாக்டர்."

"போகட்டே சாரே. அவள ஜோலில இருந்து பறஞ்சு விட்டா, நான் இவிட ஆர்கூட சாயா குடிக்கும்?"

அவர்களை மாட்டிவிட எழுதிய டைரிப் பக்கங்களை, அவளுக்குச் சாட்சியாக அந்தத் தாளோடு இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன், அதற்கும் ஒரு நினைவூட்டல். காத்திருந்து சலித்த மீனாட்சி கோயம்புத்தூருக்குப் போனாள். அவள் போன பிறகு ரஷீத் துபாய்க்குப் போனார். நோயாளிகளும் குறைந்தார்கள்.

'டாக்டர் மீனாட்சி வார்டில் பணியாற்றியதாக ஏற்கப்படுகிறது. உடனே வேலையில் சேரலாம்.' கையெழுத்து அசல்தானா என்றுதான் முதலில் பார்த்தேன். அசல்தான். அந்தப் பதில் வந்து சேர்ந்தது, ஆஸ்பத்திரியை மூடிப் பெயர்ப்பலகையைக் கழற்றி இறக்கிய வெள்ளிக்கிழமை.