ஒரு மகள் போதுமாம்

உண்மையில் நடந்த வழக்குகளை வைத்து வாரம் ஒரு கதை காட்டும் டிவி தொடரில் எங்கள் தோப்பு வழக்கும் வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் தங்கை யாரிடமோ சொல்ல, அவர்கள் பெயர்களை மாற்றி எடுத்துவிட்டார்கள். "ரெண்டு மகள்னா பாக்குறவங்களுக்குக் கொழப்பமாம்க்கா. ஒண்ணு போதும்னுட்டாங்க" என்று போனில் சொன்னாள். எந்த ஒன்று என்று நான் கேட்கவில்லை. டிவியைப் போட்டதும் தெரிந்துவிட்டது. மகளாக நடித்தவளுக்கு என் தங்கையின் குதிரைவால் சடை, பேச்சுக்கு நடுவே அவள் சிரிக்கும் அதே சிரிப்பு.

"அப்பிடியே அவளப் போலவே இருக்கா பாரு" என்று அம்மா பூரித்துப்போனாள்.

அப்பா போன பிறகு பெரியப்பா வேலியைத் தள்ளி எங்கள் தோப்புக்குள் போட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் பஸ் ஏறியது நான். ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த தங்கை ஒருநாள்கூட வந்ததில்லை. எல்லையில் நிற்கும் அயனி மரம் எங்களுடையது என்று கூண்டில் நின்று சொன்னதும் நான்தான். எப்படித் தெரியும் என்று பெரியப்பாவின் வக்கீல் மடக்கினார்.

"சின்னதுல அதுலேருந்து விழுந்து கை ஒடிஞ்சுது. ஒன் மரத்த வெட்டிப் போடுன்னு அப்பாட்ட சத்தம் போட்டது பெரியப்பாதான்" என்று என் கோணல் முழங்கையை நீட்டிக் காட்டினேன். கோர்ட்டே என் கையைப் பார்த்தது.

டிவியில் இதை அந்தக் குதிரைவால்காரி சொன்னாள். அவள் நீட்டிய கையில் ஒரு கீறல்கூட இல்லை. ஒடிந்த கையையுமா தங்கச்சிக்குக் கொடுப்பார்கள்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அவள் தீர்ப்போடு வீட்டுக்கு வர, அம்மாவாக நடித்தவள் வாசலுக்கு ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்தக் குதிரைவால்காரிமேல் எனக்கு வந்த பொறாமை தங்கைமேல்கூட வந்ததில்லை. தீர்ப்பு வந்த அன்று நானும் வீட்டுக்கு ஓடிவந்து, "செயிச்சாச்சும்மா" என்றேன். அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா திரும்பாமலே, "தங்கச்சிக்குப் போன் போட்டியா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அம்மா என் கோணல் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணைக்கு நானும் ஒன்னைய இப்பிடித்தான் கெட்டிப்பிடிச்சி அழுதேன்லா மக்ளே?"

கூண்டில் ஒரு வார்த்தை பொய் சொல்லாதவள் நான். "ஆமாம்மா" என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"செரி, தங்கச்சிக்கு ஒரு போன் போடு."