டாக்டர் காருக்கு அளவெடுத்தது

பூந்தமல்லியில் நான் தையல் கடை வைத்திருந்த காலத்தில் எங்கள் பக்கம் கார் வருவதே அபூர்வம். மாட்டு வண்டிகளுக்கும் ஜட்காக்களுக்கும் நடுவே ஒன்று வந்துவிட்டால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அது மறைகிற வரைக்கும் பார்ப்பேன். பார்த்ததை அப்படியே சின்னதாகச் செய்து பார்க்கவேண்டும் என்பது என் பைத்தியம். என் மனைவியின் தம்பி தகர வேலைக்காரன். ஓட்டை வாளிக்கும் அரிக்கன் விளக்குக்கும் ஈயம் பற்றவைப்பது அவன் தொழில். அவனுக்கும் இந்தப் பைத்தியத்தை ஒட்டவைத்தேன். இருவருமாக மண்ணெண்ணெய் டின்னை வெட்டி இரண்டு கார் செய்தோம். ஒன்று சோப்புப் பெட்டி மாதிரி வந்தது. இன்னொன்றைப் பார்த்துவிட்டு, அடுப்புக்கு எதற்குச் சக்கரம் என்று என் மனைவி கேட்டாள்.

கண்ணளவில் செய்ததுதான் கோளாறு என்று புரிந்தது. ஆனால் அடுத்தவர் காரில் இஞ்சி டேப்பை வைக்க யார் விடுவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய காருக்கு கான்வாஸில் ஓர் உறை தைக்கவேண்டுமாம்; தரை வரைக்கும் தொங்க வேண்டுமாம். கார் நின்றதோ நல்ல ஓட்டுக் கூரைக்குக் கீழே. உறை எதற்கு என்று நான் கேட்கவில்லை. டேப் வைக்க ஒரு காரே கிடைத்த சந்தோஷத்தில் உடனே ஒப்புக்கொண்டேன்.

மறுநாளே மச்சானை என் உதவியாள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். நீளம், அகலம், உயரம் எடுத்தோம். உறைக்கு அது போதும். பிறகு சக்கரத்தின் விட்டம், கதவுப் பிடி, நம்பர் தகடு என்று ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தோம். டாக்டரின் டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைச் சுற்றி டேப்பைப் போட்டதும் அவருக்குத் தாங்கவில்லை.

“இன்னா அண்ணாத்தே, அதுக்கும் சட்டை தைக்கப் போறியா?”

கான்வாஸ் நனைந்தால் சுருங்கும், எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏதோ அளந்துவிட்டேன். அவர் நம்பினாரோ இல்லையோ, விட்டுவிட்டார். ஆனால் இடது பக்கப் பின் மட்கார்டுக்குப் போனபோது அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார். அந்தப் பக்கம் எவ்வளவோ அதுவேதான் இந்தப் பக்கமும் என்றார். ஒரு கையை அளந்துவிட்டு இரண்டு கைக்கும் வெட்டுகிற தையல்காரன் நானில்லை என்றேன். உண்மையில் எல்லாத் தையல்காரர்களும் ஒரு கையைத்தான் அளப்போம். அது அவருக்குத் தெரியாது.

விலகினார். மட்கார்டில் அரைமூடித் தேங்காய் அளவுக்கு ஒரு நசுங்கல். கறுப்பு மட்கார்டு என்பதால் அதன்மேல் பூட் பாலீஷ் அப்பியிருந்தது. வேலப்பன்சாவடி புளியமரம் என்று மெதுவாகச் சொல்லி, வெளியே மூச்சு விடாதே என்று கேட்டுக்கொண்டார். இடித்தது அவர்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

உறையை நாலு நாளில் கொடுத்தாயிற்று. எங்கள் சின்னக் கார் முடிய மூன்று மாதம் ஆனது. அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. மச்சான் தகரத்தை வளைத்துப் பற்றவைத்தான். சைக்கிள் டியூப்பை நறுக்கி டயர் போட்டோம். ஹெட்லைட்டுக்கு ரவிக்கை டிச் பட்டன் கச்சிதமாகப் பொருந்தியது. ஸீட்டுக்கு, டாக்டருக்கு நான் கோட்டு தைத்ததில் மிஞ்சிய துணியையே போட்டேன். வண்டிக்கு வர்ணம் அடிப்பவரிடம் பச்சையும் கறுப்பும் வாங்கி, அணில் வால் முடியில் தூரிகை கட்டி, மூன்று கை பூசினேன்.

எல்லாம் முடிந்தபிறகு அந்த இடது மட்கார்டு மட்டும் வழவழவென்று இருந்தது என்னை உறுத்தியது. மச்சானிடம் சொன்னேன்.

“வாணாம் மாமே,” என்றான். “அந்தாளு வேலை பூடும்.”

சுவரோரமாகத் திருப்பி வைத்துவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவன் வாயை அடைத்தேன். ஊசி குத்தாமலிருக்க விரலில் போடுகிற அங்குஸ்தானை மாட்டி ஒரே அழுத்து. அதன்மேல் ஒரு பொட்டு பூட் பாலீஷ். அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஆயுத பூஜையன்று தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்து, காரை அதன்மேல் வைத்திருந்தேன். திருவேற்காடு அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் டாக்டர் கார் கடை வாசலில் நின்றது. தீபாவளி ரவிக்கைத் துணியோடு டாக்டர் மனைவி இறங்கி வந்தார். டாக்டர் காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் சின்னக் காரைப் பார்த்ததும் துணியை மறந்துவிட்டார். கையில் எடுத்தார், ஸீட்டைத் தடவி, இது இவருடைய கோட்டு அல்லவா என்று சிரித்தார். பிறகு திருப்பினார்.

“இங்க ஏன் நசுங்கியிருக்கு? கீழ போட்டுட்டியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. மூன்று மாத உழைப்பைக் கீழே போட்டதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“இல்லீங்கம்மா. இருக்கிறபடியே செஞ்சிருக்கேன்.”

அவர் வெளியே போய்க் காரைச் சுற்றி நடந்தார். மட்கார்டை விரலால் தேய்த்தார். விரல் கறுப்பாயிற்று. டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் அவரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பேப்பரை இன்னும் உயரத் தூக்கினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அன்னிக்கி நான் லீவுலே இருந்தேம்மா,” என்றார் டிரைவர்.

கார் அந்த அம்மாளின் அப்பா கொடுத்தது. டாக்டர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று அதே அம்மன் சன்னிதியில் சத்தியம் செய்திருந்தார். இதெல்லாம் அந்த அம்மாள் அங்கேயே நின்று சொன்னதில் தெரிந்துகொண்டது. டாக்டர் கடைசியில் பேப்பரை மடித்தார்.

“மரம் ரோட்டுக்கு ரொம்பக் கிட்ட இருந்தது.”

“இப்பவும் அங்கதானே இருக்கு?” என்றார் அந்த அம்மாள்.

சின்னக் காரை அவர் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூடத்தில் வருகிறவர்களுக்கு இடது பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருப்பதாக டிரைவர் பிறகு சொன்னார். அவர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர்தான் ஒரு வருஷம் கோட்டு தைக்கப் பட்டணத்துக்குப் போனார்.

விஷயம் ஊரில் பரவிவிட்டது. அடுத்ததாக அளவெடுக்க நாங்கள் ஆவடி பஸ்ஸைப் பிடித்தோம். டேப்பை உருவியதுமே அதன் டிரைவர் இறங்கி வந்து என் தோளில் கை போட்டார்.

“நைனா, இப்ப கீற மாதிரி பண்ணாத. புச்சா வந்தப்போ எப்பிடி இருந்துச்சோ அப்பிடிப் பண்ணு.”

புதிதாக வந்தபோது நான் பார்க்கவில்லையே என்றேன். அதற்குள் மச்சான் பின்பக்கம் குனிந்து, கயிற்றால் கட்டியிருந்த படியை அளக்க ஆரம்பித்திருந்தான்.