எழுபத்து மூன்றாவது ஜோடி

தொலைபேசி அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஜாயின்டர். அதே வேலையை இன்னும் நான்கு பேர் பார்த்தார்கள். ஆனால் "ஜாயின்டரைக் கூப்பிடு" என்று யாராவது சொன்னால் அது அவரைத்தான். தரைக்கு அடியில் ஓடும் கேபிள் அறுந்தால் குழி வெட்டி உள்ளே இறங்கி, அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து மூடுவது அவர் வேலை. ஒரு கேபிளுக்குள் நூறு ஜோடிக் கம்பிகள் இருக்கும். ஒரு ஜோடிக்கு ஒரு தொலைபேசி. ஒவ்வொரு கம்பியின் மேலும் மெல்லிய காகிதம் சுற்றியிருக்கும். அந்தக் காகிதத்தில் ஈரம் ஏறிவிட்டால் நூறும் ஊமையாகிவிடும்.

பத்தொன்பது வயதில் குழி வெட்டும் ஆளாகச் சேர்ந்தவர். உட்காரவைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரமில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் கண்ணயரும்போது, வெட்டிப் போட்ட துண்டுக் கேபிளை மடியில் வைத்துக்கொண்டு முறுக்கி முறுக்கிப் பழகினார். விரல் நுனி காய்த்துப்போய், கம்பியின் தடிமனைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு வந்தார்.

சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு அதிகாரி, "இப்போதைக்குச் சும்மா முறுக்கி டேப்பைச் சுத்து, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். முறுக்கிச் சுற்றினார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை. அடுத்த மழைக்கு ஒரு தெரு முழுக்கப் பத்தொன்பது நாள் தொலைபேசி செத்துக் கிடந்தது. சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். தெருக்காரர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர் ஜாயின்டர்தான். அன்றோடு "இப்போதைக்கு" என்ற சொல்லுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த இணைப்பு எதையும் திரும்பத் திறக்க வேண்டி வந்ததில்லை. இதை அலுவலகத்தில் பெருமையாகச் சொல்வார்கள், வீட்டில் கேலியாகச் சொல்வார்கள். கேலியில் முதல் ஆள் தங்கையின் கணவர். ஆற்றுக்கு அக்கரையில், தாழ்வான தெருக்களில் தேங்கும் மழைநீரை ஆற்றுக்குள் இறைத்துவிடும் பம்ப் ஹவுஸில் அவர் ஆபரேட்டர்.

"மச்சான் ஒரு பொத்தான் தைச்சா, சட்டை கிழிஞ்சு கந்தலானாலும் பொத்தான் மட்டும் அப்படியே நிக்கும்" என்பார்.

"நீங்க தைச்ச பொத்தான் துவைக்கிற கல்லுக்குத்தானே மாப்பிள்ளை சொந்தம்" என்பார் இவர். தங்கை இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு உள்ளே போவாள்.

மேற்பார்வையாளரின் பாடுதான் திண்டாட்டம். எதற்கும் பறப்பவர் என்பதால் அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். அவர் குழி ஓரத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஜாயின்டர் நிமிர மாட்டார்.

"யோவ், கம்பியைச் சேக்குறியா, கம்பிக்கு ஜாதகம் எழுதுறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். தப்பா எழுதினா ஆயுசு குறைஞ்சிடும்."

இந்தப் பேச்சு இருபது வருஷம் ஓடியது. இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இருபதாம் வருஷத்துப் புயலில் செவ்வாய்க்கிழமை விடியற்காலை, பாலத்தின் இக்கரை முனையில் மண் சரிந்து கேபிள் அறுந்தது. செல்போன் கோபுரங்கள் மின்சாரம் இல்லாமல் முந்தின நாளே படுத்துவிட்டன. பாலத்தின் மேல் முழங்காலளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியதால் போலீஸ் வழியை அடைத்துவிட்டது. அடுத்த பாலம் வழியாகச் சுற்றிப் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம். அக்கரைக்குச் சேதி போக இருந்தது அந்த ஒரே கேபிள்தான்.

ஜாயின்டர் தார்ப்பாயைக் கட்டிக் குழிக்குள் இறங்கினார். முனையை நறுக்கி, உருக்கிய மெழுகில் தோய்த்துப் பார்த்தார். மெழுகில் குமிழி வந்தால் காகிதத்தில் ஈரம் இருக்கிறது என்று பொருள். குமிழி குபுகுபுவென்று வந்தது. இன்னும் ஒரு முழம் நறுக்கினார். அப்போதும் வந்தது.

பத்து மணிக்கு அவசரம் வந்தார். கையில் நனைந்த தாள்.

"இதுல பத்து நம்பர் இருக்கு. ஆஸ்பத்திரி, ஸ்கூல், பம்ப் ஹவுஸ், இன்னும் ஏழு. இந்தப் பத்தை மட்டும் முறுக்கி, பாலித்தீனைச் சுத்தி, பேச வை. மீதியைப் பொறுமையா உன் இஷ்டத்துக்குச் செய்."

"ஈரத்தோட முறுக்கினா தண்ணி உள்ள ஏறிடும் சார். பாலம் நீளத்துக்கும் ஏறும். அப்புறம் முந்நூறு மீட்டரையும் மாத்தணும்."

"மாத்துவோம்யா."

"யாரு மாத்துவா? நீங்க அடுத்த வேலைக்குப் போயிடுவீங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நூறும் பேசும். நடுவுல வந்து கையைப் பிடிக்காதீங்க."

அவசரம் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "மேல இருந்து சொல்றாங்க. எதுக்குன்னு எனக்கும் சொல்லல" என்றார். ஜாயின்டர் நறுக்குவதை நிறுத்தவில்லை. உத்தரவு போட்டு எழுத்தில் கொடுத்திருக்கலாம், அவசரம் கொடுக்கவில்லை. இருபது வருஷமாகத் தோற்காத கை அது என்று அவரும் நம்பினார்.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மேலே இருந்த அணையைத் திறக்கப் போவதாகத் தொலைபேசி அலுவலகத்துக்குத் தகவல் வந்தது. அப்போது ஜாயின்டர் ஐம்பத்து எட்டாவது ஜோடியில் இருந்தார். குழிக்கு ஆள் அனுப்பி அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அக்கரைக்கு மோட்டார் சைக்கிளில் ஒருவரைச் சுற்றுவழியாக அனுப்பினார்கள். தாழ்வான தெருக்காரர்கள் தண்ணீரைப் பார்த்துத் தாங்களாகவே பள்ளிக்கூட மாடிக்கு ஏறியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் போகாமலிருக்க மோட்டாரை ஓட்டிக்கொண்டு பம்ப் ஹவுஸில் ஒருவர் மட்டும் இருந்தார். மோட்டார் அறை தரைமட்டத்துக்குக் கீழே, பத்துப் படி இறங்க வேண்டும். மூன்றேகாலுக்குக் கரை உடைந்தது. மோட்டார் சைக்கிள்காரர் வந்து சேர்ந்தபோது அந்தப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன.

நாலு மணிக்கு ஜாயின்டர் வேலையை முடித்தார். சோதனைப் போனை மாட்டி ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்தார். எழுபத்து மூன்று பம்ப் ஹவுஸ். அதன் தொலைபேசி மேல் அறைச் சுவரில் தலை உயரத்தில் இருந்தது. மோட்டார் இரைச்சலையும் மீறிக் கீழே கேட்க வேண்டுமென்று பெரிய மணி வைத்திருந்தார்கள். மணி அடித்தது. கம்பியில் இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, கண்ணாடி போலத் துல்லியம். யாரும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தார். இவ்வளவு ஈரத்தில் இப்படி ஒரு சத்தத்தைக் கொண்டுவந்துவிட்டோமே என்று அந்த நிமிஷம் அவருக்குச் சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் மன்னிக்க முடியவில்லை.

விசாரணை வந்தது. அவசரம் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்: முழு இணைப்பாகவே செய்யும்படி சொன்னது நான்தான். இது தெரிந்து ஜாயின்டர் அவர் மேஜைக்கு ஓடினார்.

"என்ன சார் இப்படி எழுதிட்டீங்க?"

"எனக்கு ரிட்டையர் ஆக எட்டு மாசம் இருக்கு. என்ன செய்வாங்க, திட்டுவாங்க. நீ தினம் உன் தங்கச்சி மூஞ்சில முழிக்கணும். நான் முழிக்க வேண்டியதில்ல. போய் வேலையப் பாரு."

ஜாயின்டர் போய் வேலையைப் பார்த்தார். நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாளை என்பது வாரமாயிற்று, வருஷமாயிற்று. அவசரத்துக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. ஓய்வு பெற்ற நாளில் ஒரு பாராட்டுக் கூட்டம்கூட நடக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு போனார். தங்கையோ, "ரெண்டு நாள் மழையில நின்னு எங்களுக்காக உழைச்சியே அண்ணா, அந்தப் பாவி மட்டும் சீக்கிரம் செய்ய விட்டிருந்தா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அழுகையை அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். பதினோரு வருஷம்.

ஜாயின்டரும் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆனபோது, ஆபத்துக் காலத்துக்கென்று புதிய திட்டம் ஒன்று தயாரானது. அக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஒரு காலை நேரக் கூட்டம். இரண்டு கரையிலிருந்தும் தொண்டர்கள் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் வாக்கி டாக்கி கொடுத்தார்கள். தாழ்வான தெருக்களுக்குப் பொறுப்பாளர் தங்கை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜாயின்டர் இக்கரைக்குப் பொறுப்பு.

திட்ட அதிகாரி இளம்பெண். நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தாள். பழைய விசாரணை அறிக்கையைத் திரையில் காட்டினாள்.

"அன்னைக்கு நடந்த தப்பு இதுதான். நடுவுல இருந்த மேற்பார்வையாளர் தப்பான முடிவு எடுத்தார். அதனால புதுத் திட்டத்துல நடு ஆளே கிடையாது. கட்டுப்பாட்டு அறையிலருந்து குழிக்குள்ள இருக்கறவருக்கு நேரா உத்தரவு போயிடும். இதை இணை, அவ்வளவுதான். காரணம் விளக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம்."

முதல் வரிசையில் தங்கையின் தலை ஆமோதித்து அசைந்தது.

இப்படியே அச்சாகிவிடும் என்று ஜாயின்டருக்குப் பட்டது. நாளைக்கு இன்னொரு குழியில் தன்னைப் போல ஒருவன் இருப்பான், அவனுக்கும் உத்தரவு வரும், அவனும் மாட்டேன் என்பான். இதை இந்தக் கூட்டத்தில் தெரிந்தவர் தான் ஒருவர்தான். வாய் திறந்தால் தங்கை கேட்பாள். திறக்காவிட்டால் இன்னொருத்தி அழுவாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அதை அப்படி எழுதாதீங்கம்மா."

"ஏன் ஐயா?"

"குழிக்குள்ள இருந்தது நான். பத்து நம்பரை முதல்ல போடுன்னு அவர் சொன்னார். நான்தான் மாட்டேன்னேன்."

"அறிக்கையில வேற மாதிரி இருக்கே?"

"அது அவர் எனக்காக எழுதிக் கொடுத்தது."

தங்கை திரும்பிப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரிந்து மடமடவென்று சொன்னார்.

"உத்தரவு எனக்கு வந்துச்சு. காரணம் வரல. அவருக்கும் யாரும் சொல்லல. மேல அணை நிரம்பிக்கிட்டு இருக்கு, திறக்க வேண்டி வரலாம்னு ஒரு வரி சொல்லியிருந்தா, பல்லால கடிச்சாவது அந்தப் பத்தைச் சேர்த்திருப்பேன். கெட்டுப்போற வேலையைச் செய்யக் கூடாதுங்கறதுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஒரு நாள் தாங்கினா போதும்ங்கறது தெரியல. வேலை தெரிஞ்சவன் வெறும் உத்தரவுக்குக் கேக்க மாட்டான். காரணத்தைச் சொல்லச் சொல்லுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் தங்கை வராந்தாவில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர் பக்கத்தில் போய் நின்றார்.

"கம்பியை எப்படிச் சேக்கறது, எதை முதல்ல சேக்கறதுன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றாள் அவள், செருப்பைப் பார்த்துக்கொண்டே. "அது உன் வேலை. நீ நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சிருப்பே. அந்த மனுஷன் ஒரு மாசம் கழிச்சு என் வீட்டு வாசல்ல வந்து நின்னார். கதவை மூஞ்சில சாத்தினேன். கடைத்தெருவுல எதிர்ல வந்தா காறித் துப்பிட்டுப் போவேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டேன், அவரை மட்டும் விட்டேன். நீதான் வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னே. அப்பகூட உனக்கு வாய் வரலையா?"

"பயமா இருந்துச்சும்மா."

"என்கிட்டயா?"

"நீ அண்ணான்னு கூப்பிடறது நின்னுடுமோன்னு."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். "அவர் வீடு எங்க?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால ரெண்டாவது தெரு. பச்சைக் கதவு. இரு, நானும் வரேன்."

"வராதே" என்று சொல்லிவிட்டுப் பாலத்துப் பக்கமாக நடந்தாள்.

சாயங்காலம் அவசரம் போனில் கூப்பிட்டார். குரல் தளர்ந்திருந்தது.

"உன் தங்கச்சி வந்துது. ரெண்டு மணி நேரம் இருந்துது. என்ன பேசினோம்னு கேக்காதே, சொல்ல மாட்டேன்."

"சார், நான்..."

"உன்மேல எனக்கு ஒண்ணும் இல்லய்யா. நானா எழுதிக் கொடுத்தது அது. ஆனா எங்க வீட்டுக்காரிக்கு நான் எதையும் சொல்லல. அந்தப் பொண்ணு நம்மளப் பாத்தா ஏன் துப்புதுன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. போய் மூணு வருஷம் ஆச்சு. அவ இருக்கறப்பவே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." பிறகு, "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

திட்டம் அச்சாகி வந்தது. உத்தரவுப் படிவத்தில் முதல் வரியே 'காரணம்' என்று இருந்தது. அதிகாரி ஒரு பிரதியை ஜாயின்டருக்குக் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள். அவர் அதைப் பிரித்துப் படித்துவிட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார்.

சனிக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு வாக்கி டாக்கி சோதனை. ஜாயின்டர் ஒவ்வொரு பொறுப்பாளரையும் வரிசையாகக் கூப்பிட வேண்டும். அக்கரைத் தங்கை நான்காவது.

"அக்கரை, கேக்குதா?"

"கேக்குது. ஆத்துல தண்ணி ரெண்டடி. மழை இல்ல. உங்களுக்குக் கேக்குதா?"

'உங்களுக்கு.' அந்தக் கூட்டம் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் முன்னதாகவே தயாராக இருப்பாள். தண்ணீர் அளவைச் சரியாகச் சொல்வாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

"நல்லா கேக்குது" என்பார் ஜாயின்டர். பொத்தானை அழுத்தியபடியே ஒரு நொடி இருப்பார். அவர் அழுத்திக்கொண்டிருக்கும் வரை வேறு யாரும் பேச முடியாது. ஐந்தாவது ஆள் காத்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்ததும் விரலை எடுத்துவிடுவார்.